சிடி ஸ்கேனின் கடைசிப் பக்கம்: குறைந்த அளவுக் கதிர்வீச்சைக் கணக்கிட்டு முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சிடி ஸ்கேன் எடுத்து முடித்ததும் கொடுக்கும் பிலிம் உறையிலோ குறுந்தகட்டிலோ கடைசியாக ஒரு பக்கம் இருக்கும். அதில் படம் எதுவும் இராது. கறுப்புப் பின்னணியில் நாலைந்து வரி எண்கள் மட்டும். பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. உங்கள் உடம்புக்குள் எவ்வளவு கதிர்வீச்சு போனது என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. ‘ஒரு ஸ்கேன் எடுத்தாலே கேன்சர்’ என்று பயப்படுபவரும், ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது’ என்று கையை உதறுபவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். அந்த எண்ணை எப்படிப் படிப்பது, ஆபத்தாக எப்படி மாற்றுவது, பிறகு என்ன முடிவெடுப்பது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

படி 1: முதலில், இது கதிர்வீச்சுதானா?

எக்ஸ்-ரே, சிடி, மேமோகிராம், ஆஞ்சியோகிராம், பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன் ஆகியவை அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும் வலுவுள்ள கதிர்களைப் பயன்படுத்துகின்றன. டிஎன்ஏ இழை அறுபடுவது இவற்றால்தான். எம்ஆர்ஐ, அல்ட்ராசவுண்ட், செல்போன், வைஃபை ஆகியவற்றுக்கு அந்த வலு கிடையாது. இந்தக் கணக்கில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். செய்தித்தாள்கள் ‘கதிரியக்கம்’, ‘கதிர்வீச்சு’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. கதிரியக்கம் என்பது தோரியம், அயோடின்-131 போன்ற பொருள்களின் குணம். கதிர்வீச்சு என்பது வெளியே வரும் கதிர். எக்ஸ்-ரே குழாயை அணைத்த கணமே கதிர் நின்றுவிடும். சிடி எடுத்துவிட்டு வந்தவர் பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேன் மட்டும் வேறு கதை; அது பின்னால் வருகிறது.

படி 2: அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒரு கிலோ திசு எவ்வளவு கதிர் ஆற்றலை உள்வாங்கியது என்பதைச் சொல்வது கிரே. அந்த உறுப்புக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது சீவெர்ட். நுரையீரல், மார்பகம், இரைப்பை, பெருங்குடல், எலும்பு மஜ்ஜை ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கில் 0.12 என்று அதிக முக்கியத்துவம். தோலுக்கும் மூளைக்கும் 0.01 மட்டுமே. தலை சிடியைவிட வயிற்று சிடியின் எண் பெரிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்குத் தேவைப்படுவது சீவெர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவெர்ட்.

நூறு மில்லிசீவெர்ட்டுக்குக் கீழே இருந்தால் அது ‘குறைந்த அளவு’. இந்த அளவில் முடி கொட்டாது, வாந்தி வராது, தோல் சிவக்காது. வாந்திக்கு 1 கிரே, தோல் சிவக்க சுமார் 2 கிரே தேவை. ஸ்கேன் எடுத்த அன்று தலை சுற்றினால், காலையிலிருந்து சாப்பிடாததோ படம் தெளிவாகத் தெரியக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் மருந்தோ காரணமாக இருக்கலாம், கதிர் காரணமில்லை. குறைந்த அளவில் பேச வேண்டிய ஆபத்து ஒன்றே ஒன்று: பல ஆண்டு கழித்து வரக்கூடிய புற்றுநோய். ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு ஆண்டிலிருந்து, கட்டிப் புற்றுநோய்களுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேல்.

ஒப்பிட ஒரு அடிமட்டம் வேண்டும். மண், காற்றிலுள்ள ரேடான், விண்வெளிக் கதிர், உணவிலுள்ள பொட்டாசியம்-40 எல்லாம் சேர்ந்து உலகச் சராசரி மனிதருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் தருகின்றன. நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்திலிருந்தே சுமார் 0.17 வருகிறது. இதை வைத்துப் பாருங்கள்: நெஞ்சு எக்ஸ்-ரே 0.02, அதாவது மூன்று நாள் இயற்கைக் கதிர். பல் எக்ஸ்-ரே 0.005. மேமோகிராம் 0.4. இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்-ரே 1.5. தலை சிடி சுமார் 2, நெஞ்சு சிடி 7, வயிற்று சிடி 8. பத்து மணி நேர விமானப் பயணம் 0.03 முதல் 0.05. எக்ஸ்-ரேவும் சிடியும் ஒரே சாதி என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. ஒரு வயிற்று சிடிக்கு நானூறு நெஞ்சு எக்ஸ்-ரே சமம்.

படி 3: உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மேலே சொன்னவை சராசரிகள். மெஷினுக்கு மெஷின், ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று மடங்கு மாறும். அதனால் அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு முறை ஸ்கேன் ஓடியதைக் குறிக்கும். சிடிடிஐ என்ற எண் ஒரு துண்டில் விழுந்த கதிரின் செறிவு. அதை ஸ்கேன் ஓடிய நீளத்தால் பெருக்கினால் வருவது டிஎல்பி, அலகு மில்லிகிரே-சென்டிமீட்டர். நமக்கு வேண்டியது இந்த டிஎல்பிதான்.

பெரியவர்களுக்கு டிஎல்பியை எதால் பெருக்க வேண்டும்? தலைக்கு 0.0021, கழுத்துக்கு 0.0059, நெஞ்சுக்கு 0.014, வயிறு-இடுப்புக்கு 0.015. விடை மில்லிசீவெர்ட்டில் வரும்.

ஒரு வயிற்று சிடிக்கு இப்படி வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் 450, மருந்து தமனிகளில் ஓடும்போது எடுக்கும் தமனிக் கட்டம் 460, சிரைகளுக்கு வந்தபின் எடுக்கும் சிரைக் கட்டம் 640. மொத்தம் 1,550. 0.015-ஆல் பெருக்கினால் 23 மில்லிசீவெர்ட். சிரைக் கட்டம் மட்டும் எடுத்திருந்தால் 9.6. கல்லீரல் கட்டியை இனம் காண மூன்று கட்டமும் தேவை. காரணம் தெரியாத வயிற்று வலிக்குப் பெரும்பாலும் ஒரே கட்டம் போதும். பழக்கத்தின் பேரில் மூன்று கட்டம் ஓட்டும் இடங்களில் பணம் ஒரு ஸ்கேனுக்குத்தான், கதிர் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல்.

குழந்தைகள் விஷயத்தில் இரண்டு இடங்களில் கணக்கு சறுக்கும். ஒன்று, பெருக்கும் எண் வேறு. தலைக்கு ஒரு வயதில் 0.0067, ஐந்து வயதில் 0.0040, பத்து வயதில் 0.0032. ஐந்து வயதுக் குழந்தையின் தலை சிடியில் டிஎல்பி 500 என்றால் 2 மில்லிசீவெர்ட். பெரியவர் எண்ணைப் போட்டால் பாதியாகத் தெரியும். இரண்டு, டிஎல்பியை அளக்க மெஷின் ஒரு பிளாஸ்டிக் உருளையை மாதிரியாக வைத்துக்கொள்கிறது: 16 சென்டிமீட்டர் அல்லது 32 சென்டிமீட்டர் விட்டம். குழந்தையின் நெஞ்சு, வயிறு சிடியில் ‘32 செமீ’ என்று போட்டிருந்தால், குழந்தைகளுக்கான பெருக்கும் எண்ணைப் பயன்படுத்துமுன் டிஎல்பியைத் தோராயமாக இரட்டித்துக்கொள்ள வேண்டும். அந்த எண்கள் 16 செமீ உருளைக்கு வகுத்தவை. உருளையின் அளவு அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

படி 4: எண்ணை ஆபத்தாக மாற்றுங்கள்

2006-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் குழு கொடுத்த கணக்கு எளிதானது: 100 மில்லிசீவெர்ட் பெற்ற நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் கூடுதலாகப் புற்றுநோய் வரலாம், அப்படி வருபவற்றில் ஏறக்குறைய பாதி உயிரைப் பறிக்கும். இதே விகிதத்தில் இறங்கினால் 10 மில்லிசீவெர்ட்டுக்கு ஆயிரத்தில் ஒன்று. நெஞ்சு எக்ஸ்-ரேக்கு ஐந்து லட்சத்தில் ஒன்று.

இந்தியாவில் ஏற்கனவே ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) மதிப்பீடு. ஆயிரம் பேரில் 111. எல்லோருக்கும் 10 மில்லிசீவெர்ட் கொடுத்தால் அது 112 ஆகும். அந்த ஒருவர் யார் என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது.

ஆனால் வயதைச் சேர்க்காமல் இந்தக் கணக்கு முடியாது. அதே குழுவின் அட்டவணைப்படி 100 மில்லிசீவெர்ட்டுக்குக் கூடும் ஆபத்து, பிறந்த பெண் குழந்தைக்கு நூற்றுக்கு 4.8; ஆண் குழந்தைக்கு 2.6. பத்து வயதுச் சிறுமிக்கு 2.6, சிறுவனுக்கு 1.4. முப்பது வயதுப் பெண்ணுக்கு 1.1, ஆணுக்கு 0.7. அறுபதில் 0.6, 0.5. எண்பதில் இருவருக்குமே 0.2 அளவுதான். பெண்களுக்குக் கூடுதலாக இருக்க மார்பகம் ஒரு முக்கியக் காரணம். குழந்தைகளுக்குக் கூடுதலாக இருக்கக் காரணம், வேகமாகப் பிளவுபடும் செல்களும் முன்னால் கிடக்கும் நீண்ட ஆயுளும். ஆக, 75 வயது தாத்தாவின் ஸ்கேனுக்குக் கதிரை நினைத்துத் தயங்குவது வீண். அந்தக் கவலையை ஆறு வயதுப் பேத்தியின் ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

அடித்தளம் ஹிரோஷிமா, நாகசாகி. 1950 முதல் அங்கு உயிர் பிழைத்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறார்கள். அளவு கணக்கிடப்பட்டவர்கள் சுமார் 86,000 பேர். 100 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் அளவு ஏற ஏறப் புற்றுநோயும் ஏறுவது அங்கே தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் கீழே வரும்போது, கூடும் எண்ணிக்கை இயல்பான ஏற்ற இறக்கத்தில் கரைந்துபோகிறது. எனவே நேர்கோட்டைக் கீழே பூஜ்ஜியம் வரை இழுத்துவிடுகிறோம். பாதுகாப்புக்காக எடுத்த முடிவு அது.

அந்தக் கோடு சரியா என்று பார்த்தவர்கள் பலர். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாடுகளின் 3,09,932 அணுசக்தித் தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வந்த முடிவு: ஒரு கிரேக்குக் கட்டிப் புற்றுநோய் மரணம் 52 சதவீதம் கூடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாலும் ஆபத்து உண்டு என்பதே இதன் பொருள். அதே ஆண்டு ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், சிறு வயதில் சிடி எடுத்த 9,48,174 பேரின் ஆய்வு வந்தது. அதன்படி பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒரு சிடி எடுத்தால், அடுத்த பன்னிரண்டு ஆண்டில் அதனால் ஒருவர் அல்லது இருவருக்கு ரத்தம் சார்ந்த புற்றுநோய் வரும்.

எதிர்ப்பக்கச் சாட்சி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் அதே மணல்தான். கருநாகப்பள்ளியில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை பதிவாகியிருக்கிறது. அங்கே 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். புற்றுநோய் கண்டவர் 1,379. இயற்கைக் கதிர் அதிகம் வாங்கியவர்களுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு ‘குறைந்த கதிர் ஒன்றும் செய்யாது, நல்லதுகூட’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது அவசரம். அந்த ஆய்வின் கணக்கு, ஒரு கிரேக்கு 58 சதவீதம் குறைவு முதல் 46 சதவீதம் கூடுதல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது. அந்த அகலத்துக்குள் மிதமான ஆபத்தும் அடங்கும்.

ஆகவே படி 4-இல் வந்த எண்ணை இரண்டு மூன்று மடங்கு இப்படி அப்படிப் போகக்கூடிய ஒன்றாக வையுங்கள். முடிவெடுக்க அது போதும். ஆனால் ஒரு கோடிப் பேருக்குத் தலா ஒரு நெஞ்சு எக்ஸ்-ரே, அதனால் இத்தனை சாவு என்று பெருக்கிச் சொல்வது தவறான பயன்பாடு. சர்வதேசக் கதிரியல் பாதுகாப்பு ஆணையமே அதைச் செய்யாதீர்கள் என்கிறது.

படி 6: ஸ்கேனுக்கு முன் கேட்க வேண்டியவை

டாக்டரிடம்: இந்த ஸ்கேனின் முடிவால் சிகிச்சை மாறுமா? அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ போதுமா? குழந்தையின் குடல்வால் சந்தேகத்துக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்தான். சிறுநீரகக் கல்லுக்குக் குறைந்த டோஸ் சிடி என்றே ஒரு முறை உண்டு. 3 மில்லிசீவெர்ட்டுக்குள் முடிந்துவிடும்.

குழந்தை விழுந்து தலையில் அடிபட்டால்? இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை தெளிவாகப் பேசுகிறது, நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை, கடுமையான தலைவலி இல்லை, மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததற்கான அடையாளம் இல்லை, விழுந்த விதமும் பயங்கரமில்லை என்றால், மூளையில் கவலைக்குரிய காயம் இருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஐந்துக்கும் குறைவு. 42,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009-இல் வகுத்த விதி இது. இந்த நிலையில் சில மணி நேரம் கண்காணிப்பதே சரி. ‘எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்’ என்று நச்சரிப்பது பெரும்பாலும் பெற்றோர்தான். மேலே சொன்னவற்றில் ஏதாவது இருந்தால் முடிவு டாக்டர் கையில். சிடி தேவை என்று அவர் சொன்னால் தாமதிக்க வேண்டாம்.

டெக்னீசியனிடம்: குழந்தைக்கான செட்டிங்கா? எத்தனை கட்டம்? பழைய பிலிம்களையும் குறுந்தகட்டையும் கையோடு கொண்டுபோங்கள். போன வாரம் எடுத்த ஸ்கேன் வீட்டில் கிடக்க, புதிதாக ஒன்று எடுப்பதுதான் இருப்பதிலேயே வீணான கதிர்.

இடுப்பில் ஈயத் துணி போர்த்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. கதிர்ப்பாதைக்குள் ஈயம் வந்துவிட்டால், மெஷின் ‘படம் மங்கல்’ என்று எண்ணித் தானாகவே கதிரைக் கூட்டும். ஈயம் படத்தை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும். உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே போர்த்தும் துணி தடுக்காது.

‘ஏற்கனவே ஐந்து சிடி எடுத்தாயிற்று, ஆறாவது வேண்டாம்’ என்பதும் கணக்குப்படி நிற்காது. நேர்கோட்டு விதிப்படி ஆறாவது ஸ்கேன் கூட்டும் ஆபத்து முதல் ஸ்கேன் கூட்டியதைவிட அதிகமில்லை. பழையது பழையதுதான். இந்த ஆறாவது தேவையா என்பதே கேள்வி. நோயாளிகளுக்குச் சட்டப்படி அளவு வரம்பு வைக்காததும் இதனால்தான். நேர்மாறாக, எந்தத் தொந்தரவும் இல்லாதவர் ‘முழு உடல் செக்கப்’ என்ற பெயரில் எடுக்கும் சிடி, முதலாவதாக இருந்தாலும் தேவையற்றது.

கர்ப்பிணிகளுக்கு

நாள் தள்ளிப்போயிருந்தால் ஸ்கேன் மேஜையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாமல் எடுத்துவிட்டால் பதற வேண்டாம். கருவுக்கு எவ்வளவு போனது என்று முதலில் கணக்கிடச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்-ரேயிலும் தலை சிடியிலும் கருவுக்குப் போவது 0.01 மில்லிகிரேக்கும் குறைவு. நெஞ்சு சிடியில் 0.06. இடுப்பு முதுகெலும்பு எக்ஸ்-ரேயில் 1.7, வயிற்று சிடியில் 8, இடுப்புப் பகுதி சிடியில் 25 அளவு. 100 மில்லிகிரேக்குக் கீழே இருந்தால் கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்பது சர்வதேச ஆணையத்தின் தெளிவான நிலை. குழந்தைப் பருவப் புற்றுநோய் ஆபத்து 10 மில்லிகிரேக்குச் சுமார் 1,700-இல் ஒன்று கூடும். நுரையீரலில் ரத்தக் கட்டி என்று சந்தேகம் வந்தால், வெறும் 0.06-க்குப் பயந்து சிடியைத் தள்ளிப்போடுவது தாய் சேய் இருவர் உயிரோடும் விளையாடுவதாகும்.

பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன்

இங்கே மருந்தே கதிரியக்கப் பொருள். பெட் ஸ்கேன் மருந்திலுள்ள ஃபுளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகும். எலும்பு ஸ்கேனின் டெக்னீஷியம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் இன்னும் வேகமாகக் குறையும். அன்று கைக்குழந்தையை மடியில் நீண்ட நேரம் வைத்திருக்காமல், கர்ப்பிணியை ஒட்டி உட்காராமல் இருந்தால் போதும். தாய்ப்பால் கொடுப்பவர் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். இடைவெளி மருந்துக்கு மருந்து மாறும்.

கையில் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு

ஆன்லைனில் வாங்கிய, கதிரை அளக்கும் கெய்கர் மீட்டரோடு கடற்கரைக்குப் போய், ‘பீப் பீப்’ சத்தத்தை வீடியோ எடுப்பது இப்போது சாதாரணம். மீட்டரைக் கருமணல் மேல் வைத்தால் பீட்டா கதிரையும் சேர்த்து எண்ணி, அளவை ஏற்றிக் காட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், பீட்டா தடுப்பு மூடியைப் போட்டு, பத்து நிமிடச் சராசரி எடுங்கள். பிறகு நேரத்தால் பெருக்குங்கள். மணிக்கு 0.1 மைக்ரோசீவெர்ட் (மில்லிசீவெர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவெர்ட்) என்றால் ஆண்டு முழுக்க 0.88 மில்லிசீவெர்ட், சாதாரணம். மணிக்கு 1 மைக்ரோசீவெர்ட் காட்டும் இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 0.003 மில்லிசீவெர்ட்; அங்கேயே குடியிருந்தால் ஆண்டுக்கு 8.8. சுற்றுலாப் பயணிக்கும் அங்கே வீடு கட்டியவருக்கும் ஒரே வீடியோவைக் காட்டிப் பயமுறுத்துவதில் பொருளில்லை.

கதிரோடு வேலை செய்பவர்களுக்கு

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு: ஐந்து ஆண்டில் 100 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. கர்ப்பம் என்று தெரிவித்த ஊழியரின் கருவுக்கும் மீதிக் காலம் முழுவதற்கும் 1.

எக்ஸ்-ரே அறையில் காப்பது மூன்று: நேரம், தூரம், தடுப்பு. ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்கு நகர்ந்தால் சிதறிவரும் கதிர் ஒன்பதில் ஒரு பங்காகும். காசு செலவில்லாத பாதுகாப்பு அது. ஈய ஏப்ரனை மடித்து நாற்காலி மேல் போடாதீர்கள். மடிப்பில் விரிசல் விழும், வெளியே தெரியாது. தொங்கவிடுங்கள்; ஆண்டுக்கு ஒருமுறை ஃபுளோரோஸ்கோப்பி என்ற நேரடி எக்ஸ்-ரே மெஷினில் பரப்பிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்கலாம்.

நீங்கள் வாங்கிய கதிரைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். ‘அளவு மீறிவிட்டது’ என்று கடிதம் வந்தால், முதலில் அந்த பேட்ஜ் உங்களிடம் இருந்த மூன்று மாதத்தில் அது எங்கே கிடந்தது என்று பாருங்கள். ஏப்ரனோடு குத்தி எக்ஸ்-ரே அறை ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தால், அது அறையின் அளவு, உங்களுடையது இல்லை. வேறு ஒருவர் அதைப் போட்டிருந்தாலும் அப்படியே. எல்லாப் பேட்ஜோடும் வரும் கன்ட்ரோல் பேட்ஜைக் கதிர் படாத இடத்தில் தனியாக வைத்து, அதையும் சேர்த்தே திருப்பி அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் பேட்ஜில் எவ்வளவு இயற்கைக் கதிர், எவ்வளவு வேலையில் வாங்கியது என்று ஆய்வகத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.